கட்டை மாறலாம், தொண்டை மாறக் கூடாது

குரலும் கருவியும் – 17

மனிதக் குரல் இரண்டு இடங்களில் உருவாகிறது. குரல்வளைக்குள் இருக்கும் குரல்நாண்கள் நுரையீரலிலிருந்து வரும் காற்றை நொடிக்கு நூறு, இருநூறு முறை வெட்டி வெட்டி மேலே அனுப்புகின்றன. அந்த எண்ணிக்கைதான் சுருதி. ஒரு கட்டையில் ஆதார ஷட்ஜம் பிடிக்கும் ஆண் பாடகருக்கு அது ஏறத்தாழ 131, ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு 196. வெட்டுண்ட காற்று தொண்டை வழியாகவும் வாய் வழியாகவும் வெளியேறும்போது அதன் மேற்சுரங்களில் சில வலுப்பெறுகின்றன, மற்றவை அடங்கிப் போகின்றன. வலுப்பெறும் அதிர்வெண் பகுதிகளுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். ஆ, ஈ, ஊ என்று உயிரொலிகள் பிரிவது இவற்றால். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது அக்கா குரல், இது அத்தை குரல் என்று தெரிந்துவிடுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

வளர்ந்த ஆணின் ஒலிப்பாதை, குரல்நாணிலிருந்து உதடுவரை, சுமார் 17.5 செ.மீ. நீளம். அதை ஒரு முனை மூடிய, ஒரே அகலமுள்ள குழாயாக எண்ணிக்கொண்டு கணக்குப் போட்டால் ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் விழும். நாக்கும் உதடும் தாடையும் அசைந்து குழாயின் வடிவத்தை மாற்றும்போதெல்லாம் இந்த மூன்றும் இடம்பெயரும். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்டன் பீட்டர்சனும் ஹெரால்ட் பார்னியும் ஆண், பெண், குழந்தைகள் என 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்து ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். நம் ‘ஆ’வுக்கு நெருக்கமான ஒலியில் முதல் இரண்டு ஃபார்மன்ட்களின் சராசரி ஆண்களுக்கு 730, 1090; பெண்களுக்கு 850, 1220; குழந்தைகளுக்கு 1030, 1370. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடநூல்களில் மேற்கோள் காட்டப்படும் அட்டவணை இது. இந்தப் பகுதியிலும் அதை நாலைந்து முறை புரட்ட வேண்டியிருக்கும்.

சுருதியும் ஃபார்மன்ட்டும் தனித்தனி என்பது கணினிக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம். 1829இல் கேம்பிரிட்ஜில் ராபர்ட் வில்லிஸ், அதிரும் நாக்கு (ரீட்) ஒன்றின்மேல் குழாயைப் பொருத்தி அதன் நீளத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். நாக்கின் சுருதி அப்படியே நிற்க, கேட்கும் உயிரொலி மாறியது. 1863இல் வெளிவந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூல் இதை ஒத்ததிர்வுக் கணக்காக வளர்த்தது. ஃபார்மன்ட் என்ற பெயரை 1894இல் வைத்தவர் லூடிமார் ஹெர்மன் என்ற ஜெர்மன் உடலியலாளர். தோக்கியோவில் சிபாவும் கஜியாமாவும் 1941இலும், ஸ்வீடனில் குன்னார் ஃபன்ட் 1960இலும் எழுதிய நூல்களோடு ‘மூலமும் வடிகட்டியும்’ என்ற கோட்பாடு முழு உருவம் பெற்றது. குரல்நாண் மூலம், ஒலிப்பாதை வடிகட்டி.

இரண்டையும் தனித்தனிக் கைப்பிடிகளில் வைத்த முதல் மின்னணுப் பேசும் எந்திரம் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி உருவாக்கிய வோடர். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது பேசிக் காட்டியது. அதை இயக்கிய பெண்கள் பத்து விரல்களாலும் வடிகட்டிகளை அழுத்தினார்கள். மணிக்கட்டால் தள்ளும் ஒரு தகடு, ரீங்காரம் வேண்டுமா வெறுங்காற்றின் இரைச்சல் வேண்டுமா என்று தீர்மானித்தது. சுருதி காலடியில் இருந்த மிதியில். ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி இல்லாமல் அதில் ஒரு வாக்கியம் பேச வைக்க முடியாது. இன்று ஒரு மென்பொருளின் திரையில் அடுத்தடுத்து நிற்கும் ‘பிட்ச்’, ‘ஃபார்மன்ட்’ என்ற இரண்டு திருகுகளின் முன்னோடி அந்த மிதியும் அந்த விசைகளும்தான்.

ஆனால் வோடர் செயற்கையாகப் பேசிய எந்திரம். பதிவு செய்யப்பட்ட உண்மையான குரலில் இதைச் செய்வது வேறு கதை. ஒலித்தட்டையோ நாடாவையோ வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும். அதே விகிதத்தில் ஃபார்மன்ட்களும் ஏறும். பலூனில் எழுதிய எழுத்து, பலூனை ஊதினால் பலூனோடு சேர்ந்து பெருப்பது போலத்தான். ஒரு கட்டையில் பாடிய ஆணின் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் அது ஐந்து கட்டைக்குப் போய்விடும், சரி. கூடவே ‘ஆ’வின் 730, 1090 என்ற எண்கள் 1095, 1635 ஆகிவிடும். 17.5 செ.மீ. ஒலிப்பாதை சுமார் 11.7 செ.மீ.க்குச் சுருங்கியதற்குச் சமம் இது. பீட்டர்சன்–பார்னி அட்டவணையின் குழந்தைகளையும் தாண்டிய எண்கள். வளர்ந்தவர்களில் அப்படி ஒரு தொண்டைக்கு இடமில்லை என்பதால் காது அதைப் பொம்மைக் குரலாக எடுத்துக்கொள்கிறது. 1958இல் ராஸ் பக்தசாரியன் பாதி வேகத்தில் ஓடிய நாடாவில் பாடிப் பதிந்து, முழு வேகத்தில் ஒலிக்கவிட்டு, மூன்று அணில்களின் பாட்டாக அமெரிக்காவில் விற்றது இந்த விளைவைத்தான்.

சென்னை சினிமாவில் குழந்தைக் குரலுக்கு இந்தத் தந்திரம் தேவைப்படவில்லை, எம்.எஸ்.ராஜேஸ்வரி இருந்தார். ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியது அவர். குரல்வளையை மேலே தூக்கி, உதட்டோரங்களைப் பின்னுக்கு இழுத்தால் ஒலிப்பாதை நீளம் குறையும். சுருதியைத் தொடாமலேயே ஃபார்மன்ட்கள் ஏறும். பலகுரல் கலைஞர்கள் மேடையில் அரசியல்வாதியாகவும் நடிகராகவும் மாறுவதற்குப் பின்னாலும் இந்த உடற்பயிற்சிதான் இருக்கிறது. மென்பொருள் எட்டிப் பிடிக்க வேண்டிய அளவுகோல் இந்தக் கலைஞர்கள்தான் என்று சொன்னால் மிகையில்லை.

வேகம் மாறினால் இரண்டும் சேர்ந்து மாறும் என்ற இதே குறை, பழைய பதிவுகளை ஆராய்பவர்களுக்கு ஒரு தடயமாகவும் பயன்படுகிறது. நீலகிரியில் இதற்குப் பொருத்தமான பதிவுகள் உண்டு. ஊட்டியிலிருந்து தென்மேற்கே, 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு பெரும் மலைச்சரிவால் பெயர் பெற்ற அவலாஞ்சியைச் சுற்றிய சோலைகளும் புல்வெளிகளும் தோடர்களின் பழைய மேய்ச்சல் நிலம். அதற்கும் மேற்கே முக்கூர்த்தி. இறந்தவர்களின் உலகத்துக்கு வழி அந்தத் திசையில்தான் என்பது தோடர்களின் நம்பிக்கை. மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901–02இல் இந்த மலைகளில் தங்கித் தோடர்களிடம் கேட்டறிந்ததை 1906இல் பெரிய நூலாக வெளியிட்டார். அந்தப் பயணத்தில் அவர் தோடர் குரல்களை மெழுகு உருளைகளிலும் பதிந்தார். கையால் சாவி கொடுத்த சுருள்வில்லில் ஓடும் அந்தக் காலத்து ஃபோனோகிராஃப் எந்த வேகத்தில் ஓடியது என்பது உருளையைப் பார்த்தால் தெரியாது. அதற்காகவே பதிவின் தொடக்கத்தில் ஒரு சுருதிக் குழலை ஊதி வைப்பது சில ஆய்வாளர்களின் வழக்கமாக இருந்தது. குழலொலி இல்லாத உருளைகளில் பாடுபவரின் சுருதியை நம்ப முடியாது. யார் எந்தக் கட்டையில் பாடினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஃபார்மன்ட் அப்படி விருப்பப்படி ஏறி இறங்குவதில்லை. வளர்ந்த ஆணின் தொண்டை நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஃபார்மன்ட்கள் அந்த எல்லைக்கு வெளியே போனால் உருளை தவறான வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். பதிவுக் கொம்பும் தன் பங்குக்குச் சில அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும் என்பதால் இந்தச் சாட்சியை எச்சரிக்கையோடுதான் விசாரிக்க வேண்டும்.

வேகத்தையும் சுருதியையும் பிரிக்கும் முயற்சி முதலில் வெற்றி பெற்றது. டெனிஸ் கபோர் 1940களில் ஒலிப்படச்சுருளின்மேல் சுழலும் துளைகளை வைத்துச் செய்து பார்த்தார். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிரான்ட் ஃபேர்பேங்க்ஸ் குழுவினர் சுழலும் நாடாத் தலைகளால் அதையே செய்தனர். 1975இல் ஈவன்டைட் நிறுவனத்தின் எச்910 என்ற பெட்டி அதை மின்னணுவில் செய்து ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தது. பாட்டின் நீளம் மாறாமல் சுருதி ஏறியது. ஆனால் ஃபார்மன்ட்டும் கூடவே ஏறியது. முடிச்சில் பாதிதான் அவிழ்ந்திருந்தது.

மீதி முடிச்சை அவிழ்த்ததில் ஓர் இந்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. கான்பூரில் பிறந்து லக்னோவிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, பின்பு அக்கழகத்திலேயே சில ஆண்டுகள் பாடம் நடத்திய பிஷ்ணு அடல், 1961இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். பத்தாண்டுகள் கழித்து சூசான் ஹனாயருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, பேச்சு அலையை நேரியல் முன்கணிப்பால் பிரித்துக் காட்டியது. கருத்து எளிது. நொடிக்கு 10,000 முறை குரலை அளந்து எண்களாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய 12 எண்களைக் கொண்டு ஊகிக்க வேண்டும். ஒலிப்பாதை ஒத்ததிரும் குழாய் என்பதால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்க உதவும் 12 பெருக்கெண்களுக்குள் ஃபார்மன்ட்கள் ஒளிந்திருக்கும். ஊகம் பொய்க்கும் இடங்கள் மிச்சமாக நிற்கும். அந்த மிச்சத்தை வரைந்து பார்த்தால் குரல்நாண் மூடிக்கொள்ளும் ஒவ்வொரு கணத்திலும் ஒரு கூர்முனை தெரியும். கூர்முனைகளின் இடைவெளி சுருதி. தொண்டை ஒரு தாளிலும் சுருதி இன்னொரு தாளிலும் எழுதப்பட்டுவிட்டன. இடைவெளியை மாற்றி, பெருக்கெண்களைத் தொடாமல், இரண்டையும் திரும்பச் சேர்த்தால் அதே ஆள் வேறு கட்டையில் பேசுவார். ஜப்பானில் இதாகுராவும் சாய்தோவும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். செல்பேசிகள் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளும் இந்தக் கணக்கின் வாரிசுகள்தான்.

அடுத்த கட்டம் சென்னைக்கு வருகிறது. பெங்களூரில் முனைவர் பட்டம் பெற்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1980இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார் பி.யக்ஞநாராயணா. 2006 வரை அவர் அங்கே நடத்திய பேச்சு ஆய்வுப் பணி, இந்தியாவில் இத்துறையின் நாற்றங்காலாக இருந்தது. 1985இல் அமெரிக்க ஆய்வாளர் சில்டர்ஸுடனும் கே வூவுடனும் சேர்ந்து, ஒருவர் குரலை இன்னொருவர் குரலாக மாற்றும்போது தரத்தை எவை தீர்மானிக்கின்றன என்று ஆராய்ந்த கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. சென்னையில் அவரும் ஹேமா மூர்த்தியும் வளர்த்தது ஃபார்மன்ட்டைக் கண்டுபிடிக்க வேறொரு வழி. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று பார்ப்பது வழக்கமான முறை. அவர்கள் எந்த அதிர்வெண் எவ்வளவு தாமதமாகிறது என்று பார்த்தார்கள். ஒத்ததிர்வுள்ள இடத்தில் ஒலி சற்றே தங்கிப் போகும். அந்தத் தாமதத்தை வரைந்தால் பக்கத்துப் பக்கத்து ஃபார்மன்ட்கள்கூடத் தனித்தனி முகடுகளாக நிற்கும்.

தமிழுக்கு இது சும்மா ஒரு கணித நுட்பமாக நின்றுவிடவில்லை. ‘ழ’ ஒலிக்கும்போது நாக்கு நுனி பின்னால் சுருண்டு, மூன்றாவது ஃபார்மன்ட்டை வெகுவாகக் கீழே இறக்கி இரண்டாவதன் பக்கத்தில் கொண்டு வந்து விடுகிறது. 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகெயில் கான் மூவரும் காந்த ஒத்ததிர்வுப் படமும் நாக்கில் ஒட்டிய உணரிகளும் கொண்டு தமிழின் ‘ர, ற, ல, ள, ழ’ ஒலிகளை அளந்து வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. இரண்டு முகடுகள் ஒட்டிக்கொண்டால், குறைந்த பெருக்கெண்களோடு ஓடும் முன்கணிப்பு அவற்றை ஒரே முகடாக எண்ணிவிடும். அந்தத் தவறான எண்ணை வைத்து ஃபார்மன்ட்டை நகர்த்தினால் ‘மழை’ என்று பாடியது ‘மலை’க்கும் ‘மளை’க்கும் நடுவில் எங்கோ போய் விழும்.

சென்னை ஆய்வின் முக்கியமான கட்டுரை 1995இல் வந்தது. எம்.நரேந்திரநாத், ஹேமா மூர்த்தி, எஸ்.ராஜேந்திரன், யக்ஞநாராயணா நால்வரும் எழுதியது. அதன் பெறுமதியைப் புரிந்துகொள்ள, பீட்டர்சன்–பார்னி அட்டவணைக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். ஆணிலிருந்து பெண்ணுக்குப் போகும்போது ‘ஆ’வின் முதல் ஃபார்மன்ட் 730இலிருந்து 850 ஆகிறது, 16 விழுக்காடு ஏற்றம். ‘ஊ’வின் இரண்டாவது ஃபார்மன்ட் 870இலிருந்து 950தான், 9 விழுக்காடு. ‘ஈ’யின் இரண்டாவதோ 2290இலிருந்து 2790, 22 விழுக்காடு. பருவ வயதில் ஆணின் குரல்வளை கீழே இறங்குவதால் வாயைவிடத் தொண்டைப் பகுதி அதிகம் நீள்கிறது. அதனால் பெண் ஒலிப்பாதையை ஆண் ஒலிப்பாதையின் சிறிய நகல் என்று கொள்ள முடியாது. இதை ஃபன்ட் 1966இலேயே எழுதி வைத்திருந்தார். எல்லா ஃபார்மன்ட்களையும் ஒரே எண்ணால் பெருக்கும் எந்த முறையும் ஒலிக்கு ஒலி கொஞ்சம் பொய் சொல்லியே தீரும்.

சென்னைக் குழு ஒற்றை எண்ணைக் கைவிட்டது. இரண்டு பேர் பேசியதிலிருந்து ஃபார்மன்ட்களைப் பிரித்தெடுத்து, ஒருவருடையதைக் கொடுத்தால் மற்றவருடையதைத் தரும்படி ஒரு செயற்கை நரம்பு வலையைப் பழக்கினார்கள். எந்த ஒலியில் எந்த ஃபார்மன்ட் எவ்வளவு நகர வேண்டும் என்பதை வலையே கற்றுக்கொண்டது. மாற்றிய ஃபார்மன்ட்களையும், இலக்கு நபரின் சராசரிக்கு ஏற்பத் திருத்திய சுருதிக் கோட்டையும் எண்களிலிருந்து குரல் கட்டும் ஃபார்மன்ட் வோகோடர் ஒன்றில் ஊட்டி, புதிய குரலை எழுப்பினார்கள். குரல் மாற்றத்துக்கு நரம்பு வலையைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒன்றாக இந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தமிழ்ப் பத்திரிகைகள் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் கலிபோர்னியாவில் தொடங்குவது வழக்கம். இந்தக் கிளையைக் கிண்டியில் தொடங்கினாலும் தவறாகாது.

இசைக்கான மென்பொருள் இதற்குள் வேறு பாதையில் போயிருந்தது. பேச்சைப் பிரித்து மீண்டும் கட்டினால் கொஞ்சம் எந்திரத்தனம் ஒட்டும். பாட்டில் அது உடனே காதில் குத்தும். 1989இல் கீத் லென்ட் எழுதிய முறையும், பிரான்ஸில் ஷார்பான்தியேவும் மூலினும் வளர்த்த முறையும் பிரிக்காமலேயே காரியத்தை முடித்தன. ஒரு கட்டையில் நீட்டிய ‘ஆ’வில் குரல்நாண் ஒருமுறை திறந்து மூட 7.6 மில்லிநொடி ஆகிறது. மூடும் கணத்தை நடுவில் வைத்து, இரு பக்கமும் மெல்லத் தேய்ந்து மறையும்படி சுமார் 15 மில்லிநொடித் துண்டுகளாகப் பதிவை நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இருக்கும் நெளிவு தொண்டையின் கையெழுத்து. இந்தத் துண்டுகளை 7.6க்குப் பதில் 5.1 மில்லிநொடிக்கு ஒன்றாக நெருக்கி அடுக்கினால் சுருதி ஐந்து கட்டைக்கு ஏறிவிடும். நெளிவு மாறவில்லை என்பதால் 730, 1090 அப்படியே இருக்கும். நேரம் குறையாமலிருக்கச் சில துண்டுகளை இரட்டிப்பார்கள். மறுபக்கமாகவும் செய்யலாம். இடைவெளியை 7.6இலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டையும் 1.15 மடங்கு சுருக்கினால் சுருதி ஒரு கட்டையிலேயே நிற்கும், ‘ஆ’ மட்டும் 840, 1254க்குப் போகும். ஆணின் சுருதியில் பெண்ணின் தொண்டை.

1997இல் ஆன்டி ஹில்ட்பிராண்டின் ஆட்டோ-டியூனும், 2001இல் பீட்டர் நாய்பேக்கரின் மெலடைனும் வந்த பிறகு இது சவுண்ட் இன்ஜினியரின் அன்றாட வேலையாகிவிட்டது. மெலடைனில் சுருதிக்கு ஒரு கருவி, ஃபார்மன்ட்டுக்குத் தனிக் கருவி. லாஜிக் புரோவின் வோகல் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு திருகுகள். ஆம்ஸ்டர்டாமில் உருவான ப்ராட் என்ற இலவச மென்பொருளில் ஆண் குரலைப் பெண் குரலாக்கும் கட்டளை ஒன்று உண்டு. ஃபார்மன்ட் விகிதத்துக்கு அது இயல்பாக முன்வைக்கும் எண் 1.2. ஒரே பாடகரை நாலைந்து டிராக்கில் பாடவைத்து, ஒவ்வொன்றிலும் ஃபார்மன்ட்டைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி, கோரஸ் குழு போலக் காட்டுவது இதன் மிகச் சாதாரணப் பயன்.

திருகு இருக்கிறதே என்று எவ்வளவு தூரமும் திருப்ப முடியாது. ஐந்து கட்டைப் பாடகி தாரஸ்தாயி ஷட்ஜத்தில் ‘ஈ’ பாடினால் சுருதி 392 ஹெர்ட்ஸ். பேச்சில் அவருடைய ‘ஈ’யின் முதல் ஃபார்மன்ட் 310 சுற்றித்தான் இருக்கும். சுருதி ஃபார்மன்ட்டைத் தாண்டிவிட்டால் அந்த ஒத்ததிர்வு தூக்கிவிட அங்கே மேற்சுரம் எதுவும் இல்லை. அதனால்தான் மேலே போகப் போகப் பாடகிகள் தாடையை இறக்கி வாயைத் திறக்கிறார்கள். ‘ஈ’ மெல்ல ‘ஏ’ பக்கம் சாய்கிறது. சுருதியும் தொண்டையும் தனித்தனி என்ற கோட்பாட்டுக்குப் பாடும் கலையே வைத்திருக்கும் விலக்கு இது. கீழே பாடிய ‘ஈ’யை எடுத்து, ஃபார்மன்ட்டைப் பத்திரமாகக் காப்பாற்றி, ஒரு ஸ்தாயி மேலே தூக்கும் மென்பொருள் அந்த விலக்கை அறியாது. கிடைப்பது மெலிந்து, உயிரில்லாத ஓர் ‘ஈ’. இரண்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தாதே என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

திருகின் எல்லையைச் சோதிக்க அவலாஞ்சிப் பக்கத்து மொழிகளைவிடக் கடினமான தேர்வுத்தாள் கிடைப்பது அரிது. மொழியியலாளர் மரே எமினோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிச் செய்த களப்பணியில் தோடா மொழியை எழுதியெடுத்தார். அவர் திரட்டிய தோடர் பாடல்கள் 1971இல் நூலாயின. குந்தை சீமை உள்ளிட்ட படகர் பகுதிகளின் மொழியில் ஒவ்வோர் உயிரும் நாக்கை வளைக்காமல், பாதி வளைத்து, முழுதும் வளைத்து என்று மூன்று விதமாக ஒலிப்பதாக அவர் 1939இல் எழுதினார். 1990களில் பீட்டர் லேடஃபோகெடும் பெரி பாஸ்கரராவும் மற்ற சகாக்களும் தோடா பேசுவோரைப் பதிவு செய்து கருவிகளால் அளந்தார்கள். குறிலும் நெடிலுமாக 16 உயிர்கள். ஆறு வகை ரகரங்கள். நான்கு வகைச் சகர, ஷகர உரசல்கள்.

சாதாரண ‘ஈ’யும், நாக்கை அதே இடத்தில் வைத்து உதட்டை மட்டும் குவித்துச் சொல்லும் ‘ஈ’யும் தோடாவில் வெவ்வேறு உயிர்கள். உதடு குவிந்தால் மேல் ஃபார்மன்ட்கள் இறங்கும், அவ்வளவுதான் வேறுபாடு. உயிர்களை எல்லாம் ஒரே விகிதத்தில் நகர்த்தினால் கேட்பவர் ஓரளவு ஈடுகட்டிக்கொள்வார். பெரிய ஆள், சின்ன ஆள் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். உரசல்களில் சிக்கல் பெரிது. ‘ஸ’, ‘ஷ’ போன்றவற்றில் குரல்நாண் அதிர்வதில்லை, சுருதியே கிடையாது. நல்ல மென்பொருள் சுருதி மாற்றும்போது அந்த இடங்களைத் தொடாமல் விடும். ஃபார்மன்ட் மாற்றும்போது விடாது. ‘ஸ’வின் இரைச்சல் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலும், ‘ஷ’வின் இரைச்சல் 3000 சுற்றியும் உச்சம் கொள்ளும். முப்பது விழுக்காடு கீழே இறக்கினால் ‘ஸ’ பாதி வழி ‘ஷ’ ஆகிவிடும். தமிழில் அது கொச்சையாகக் கேட்கும், அவ்வளவே. நான்கு உரசல்களை வைத்துச் சொற்களைப் பிரிக்கும் மொழியில் சொல்லே மாறிவிடக்கூடும். உயிர்களுக்கு ஒரு விகிதமும் உரசல்களுக்கு வேறு விகிதமும் வைத்தால் தப்பிக்கலாம். கடையில் கிடைக்கும் பிளக்-இன்கள் பலவற்றில் அதற்கு வசதி இல்லை.

அவலாஞ்சியில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவான ஊர் அது. தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவி, ஃபார்மன்ட் முகடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களை நிரப்பிவிடும். முன்கணிப்புக் கணக்கு பள்ளத்தைப் பார்க்க முடியாமல் முகட்டைத் தவறாகக் குறிக்கும். தென்மேற்குப் பருவமழைக்குத் தப்பி, டிசம்பர், ஜனவரிக் குளிரில் மூடிய அறையில் எடுத்த பதிவுக்கும் ஆடி மாதத்துப் பதிவுக்கும் இந்த வேறுபாடு எண்களில் தெரியும்.

2024இல் இந்த வரலாறு தமிழ் சினிமா ரசிகர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வந்து நின்றது. ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், சாலை விபத்தில் இறந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022இல் இறந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளால் ஒலிக்கச் செய்தார். இருவரின் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய தொகையும் அளித்ததாக அறிவித்தார். அதே ஆண்டு ‘தி கோட்’ படத்தில் யுவன் சங்கர் ராஜா, ஜனவரியில் மறைந்த தம் அக்கா பவதாரிணியின் குரலை விஜய்யோடு சேர்த்துப் பாடவைத்தார்.

இவ்வகைக் கருவிகள் பொதுவாக வேலை செய்யும் விதம் 1995இன் சென்னைக் கட்டுரைக்கு அந்நியமானதல்ல. உயிரோடிருக்கும் ஒருவர் பாட வேண்டும். அவர் பாட்டிலிருந்து சுருதிக் கோட்டையும் சொற்களையும் கருவி எடுத்துக்கொள்ளும். கமகமும் தாளத்தோடு இழையும் நேரமும் மூச்சு வாங்கும் இடமும் அவருடையவை. தொண்டை மட்டும் மறைந்தவருடையது. பழைய பதிவுகளிலிருந்து கற்றது. வேறுபாடு ஒன்று உண்டு. நரேந்திரநாத் குழுவின் வலையில் ஓடியவை சில ஃபார்மன்ட் எண்கள். ஒவ்வொன்றும் என்னவென்று பெயர் சொல்லிக் காட்டலாம். இன்றைய வலைக்குள் குரலின் அடையாளம் நூற்றுக்கணக்கான எண்களாகச் சிதறிக் கிடக்கிறது, அவற்றில் எதற்கும் ஃபார்மன்ட் என்று பெயரில்லை, திருப்பித் திருத்தத் திருகும் இல்லை. வெளியே வந்த குரலில் ‘ழ’ சரியாக விழுந்ததா என்று பார்க்க வேண்டுமானால், ப்ராட்டில் திறந்து, மூன்றாவது ஃபார்மன்ட் எங்கே இறங்கியிருக்கிறது என்று கோட்டின்மேல் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.